கதவுக்கு அடியில் வரும் காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் குடியேற்ற அதிகாரிகள் பள்ளிக்கூட வாசல்வரை வருகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கோவை, ஈரோடு, நாமக்கல் வீடுகளில் போன் ஓய்வதில்லை. பெருந்துறையிலும் திருச்செங்கோட்டிலும் இன்ஜினியரிங் முடித்து டல்லாஸ், நியூஜெர்சி என்று போனவர்கள் நம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. இங்கிருக்கும் அப்புச்சியும் அம்மாயியும், "பேரனைக் கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பாதே சாமி" என்கிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் தவறான யோசனை. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. பெரும்பாலும் காகித வேலை. குடியேற்றச் சட்டப் பணியிலும் பள்ளிக் கல்வியிலும் இருக்கிறவர்கள் என்ற முறையில் அவற்றை எழுதுகிறோம்.

முதலில் பள்ளிச் சேர்க்கை. டெக்சாஸிலிருந்து வந்த 'பிளைலர் எதிர் டோ' வழக்கில் 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குழந்தையிடம் குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் இலவசக் கல்வியை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மைதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. பள்ளி பொதுவாகக் கேட்பவை மூன்று: அந்தப் பள்ளி வட்டாரத்தில் குடியிருப்பதற்கான சான்று (வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ போதும்), வயதுச் சான்று, தடுப்பூசிப் பதிவு. சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு (அங்கே அரசு தரும் அடையாள எண்) படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அதை வெறுமனே விட்டுவிடலாம். அதற்காகச் சேர்க்கையை நிறுத்தி வைக்க முடியாது.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் பாதி உண்மையாகச் சுற்றும் விஷயம். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்று ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறைக்கு 2011 முதல் ஒரு வழிகாட்டுதல் இருந்தது, 2021-இல் அது விரிவாக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். இதை "இனி எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையலாம்" என்று பரப்புகிறார்கள். போனது துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. காரணமில்லாத சோதனையிலிருந்தும் கைதிலிருந்தும் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் அப்படியே இருக்கிறது. பொதுமக்கள் இஷ்டம்போல் புழங்க முடியாத வகுப்பறை, தாழ்வாரம், சாப்பாட்டுக் கூடம் ஆகியவற்றுக்குள் வர நீதிபதியின் வாரண்ட் வேண்டும், இல்லையென்றால் பள்ளியின் சம்மதம் வேண்டும். அவசர ஆபத்து மட்டும் விதிவிலக்கு. கலிஃபோர்னியா 2025 செப்டம்பரில் இதைத் தனிச் சட்டமாகவே எழுதிவிட்டது. டெக்சாஸில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் "எங்க பையன் ஊரில் என்ன விதி" என்று அந்தப் பள்ளி வட்டார அலுவலகத்திடமே எழுதிக் கேட்க வேண்டும்: அதிகாரிகள் வந்தால் யார் பேசுவார்கள், யாருடைய கையெழுத்தைப் பார்ப்பார்கள், பெற்றோருக்கு எப்போது தகவல் வரும்?

பஸ் நிற்கும் இடம், கார் நிறுத்துமிடம், பள்ளிக்கு முன்னால் உள்ள நடைபாதை எல்லாம் பொது இடங்கள். அங்கே இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. பெற்றோர் பிடிபடுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கக்கூடியது, வகுப்பறையில் அல்ல. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஓரளவு பத்திரமாகவே இருக்கிறது. வீட்டோடு வைத்துக்கொண்டால் வருகைப் பதிவு குறையும், பள்ளியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். லாபம் ஒன்றும் இல்லை.

வாரண்ட் என்ற சொல்லில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஐ-200, ஐ-205 என்று எண் போட்ட காகிதங்களிலும் தலைப்பில் வாரண்ட் என்றே இருக்கும். ஆனால் அவற்றில் கையெழுத்துப் போடுவது குடியேற்றத் துறை அதிகாரி. நீதிமன்ற வாரண்ட் என்றால் மேலே மாவட்ட நீதிமன்றத்தின் பெயர், கீழே நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து, நடுவில் தேட வேண்டிய முகவரி, தேதி எல்லாம் இருக்கும். முகவரியில் பிளாட் எண் தப்பாக இருந்தால் அது உங்கள் வீட்டுக்கான வாரண்ட் அல்ல. துறை அதிகாரியின் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் வர முடியாது என்பதே நெடுநாள் நடைமுறை. இறுதி வெளியேற்ற உத்தரவு உள்ளவர்களின் வீட்டுக்குள் ஐ-205-ஐக் கொண்டே நுழையலாம் என்று துறை 2025 மே மாதம் எழுதிய உள்குறிப்பு பின்னர் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே பழைய உத்தரவு ஏதாவது தலைக்கு மேல் தொங்குகிறவர்கள் கதவை நம்பி உட்காராமல் இன்றே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

இதில் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பகலில் அந்த வீடுகளில் இருப்பவர் ஆறு மாத விசிட்டர் விசாவில் போன அம்மாயி. யாராவது தட்டினால் கதவைத் திறந்து "வாங்க" என்பது நம் வழக்கம். அந்தத் திறப்பையே சம்மதம் என்று பின்னால் வாதிட இடம் உண்டு. எனவே பெரியவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் பழக்கிவிடுங்கள்: "ஸ்லிப் இட் அண்டர் த டோர்." காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லி, போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியபடியே நிற்கலாம். உடைத்துக்கொண்டு வந்தால் தடுக்கக் கூடாது. "ஐ டூ நாட் கன்சென்ட்" என்று மட்டும் சொல்ல வேண்டும். பொய் சொல்லவே கூடாது. முக்கியமாக, அமெரிக்கக் குடிமகன் இல்லாதவர் குடிமகன் என்று சொல்லிவிட்டால் பிறகு விசாவோ கிரீன் கார்டோ கிடைப்பது மிகக் கடினம்.

"வாயைத் திறக்காதே" என்று அச்சடித்துக் கொடுக்கும் உரிமை அட்டைகள் பெரும்பாலும் ஆவணம் இல்லாதவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவர்களின் மனைவி, கணவன், குழந்தைகளுக்கான விசா), விசிட்டர் என்று முறைப்படி வந்தவர்களுக்கு அது பாதி அறிவுரை. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே பழைய சட்டம், 2025 ஏப்ரல் முதல் கறாராகப் பார்க்கிறார்கள். பதிவுச் சான்று என்பது இவர்களுக்கு ஐ-94, அதாவது நாட்டுக்குள் வந்ததையும் எந்தத் தேதிவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு. இணையத்தில் எடுத்து அச்சிட்டுப் பர்ஸில் வைக்கலாம். தெருவில் கேட்டால் அதைக் காட்டிவிடுவதே புத்திசாலித்தனம். பேரனைக் கூட்டி வரப் போகும் அப்புச்சிக்கும் இது பொருந்தும்.

உண்மையைச் சொன்னால், நம் பக்கத்துக் குடும்பங்கள் ரெய்டில் மாட்டுவதைவிடத் தேதியில் மாட்டுவதே அதிகம். இந்தியக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் தருகிறார்கள். விசாவில் இன்னும் இரண்டு ஆண்டு இருந்தாலும், பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடிகிறது என்றால் விமான நிலையத்தில் ஐ-94 தேதியை எட்டு மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். அப்பாவுக்கு ஒரு தேதி, அதே விமானத்தில் வந்த குழந்தைக்கு வேறு தேதி. யாரும் கவனிப்பதில்லை. அடுத்த சிக்கல், அப்பாவின் எச்-1பி நீட்டிப்பு வந்தால் குழந்தைக்கும் நீண்டுவிட்டது என்று நினைப்பது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஐ-539 படிவம் தனியாகப் போட வேண்டும், அதுவும் பழைய தேதி முடிவதற்கு முன்னால். மூன்றாவது, குழந்தைக்கு 14 வயது நிறைந்ததும் 30 நாளுக்குள் மறுபதிவு செய்து கைரேகை கொடுக்க வேண்டும். ஐ-94 கையில் இருந்தாலும் எச்-4 குழந்தைக்கு இது உண்டு. படிவத்தின் பெயர் ஜி-325ஆர், இணையத்திலேயே போடலாம். வேலை போனால் கிடைக்கும் அவகாசமும் 60 நாள்தான், ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்.

சரி, ஒரு நாள் மாலை அப்பாவும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை என்றால் பள்ளி என்ன செய்யும்? அவசரத் தொடர்பு அட்டையில் உள்ளவர்களைக் கூப்பிடும். யாரும் எடுக்கவில்லை என்றால் போலீஸ், குழந்தைகள் நலத் துறை என்று போய்விடும். அங்கிருந்து குழந்தையை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அட்டையில் மூன்று பேராவது இருக்கட்டும். மூவரும் ஒரே கம்பெனி, ஒரே அபார்ட்மென்ட், ஒரே எச்-1பி என்றிருப்பதே வழக்கமான தவறு. ஒருவராவது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக இருக்க வேண்டும். பெயர் அவர்களுடைய ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நாம் இன்ஷியலோடு வளர்ந்தவர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் அமெரிக்க ஆவணத்தில் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்னால் 'எஃப்என்யு' என்று, அதாவது முதல் பெயர் தெரியாது என்று, போட்டுவிடுகிறார்கள். அட்டையில் 'செந்தில் அங்கிள்', உரிமத்தில் 'எஃப்என்யு செந்தில்குமார்' என்றிருந்தால் அலுவலகத்தில் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அனுப்பாததும் சரிதான்.

கூட்டிப் போக அட்டை போதும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள, டாக்டரிடம் காட்ட அது போதாது. கலிஃபோர்னியாவில் பராமரிப்பவரே கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, நீதிமன்றம் போக வேண்டியதில்லை. டெக்சாஸில் பெற்றோரும் பொறுப்பேற்பவரும் நோட்டரி முன்னால் கையெழுத்திடும் ஒப்பந்தம். மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் பக்கத்து வீட்டுக்காரரின் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். ஈரோடு கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் பேப்பரில் தாத்தா எழுதி நோட்டரி போட்டு அனுப்புவது அங்கே செல்லாது. அதிகாரம் பெற்றோரிடம் இருக்கிறது, அவர்கள்தான் அங்கே எழுதித் தர வேண்டும். இன்னொன்று: அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வக்கீல் இல்லை. நோட்டரி பலகை மாட்டிக்கொண்டு விசா யோசனை விற்பவரிடம் பணத்தைக் கொட்டாதீர்கள்.

பள்ளிப் பதிவேடுகளுக்கு 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் காவல். பெற்றோர் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் மதிப்பெண், வருகை, குடும்ப விவரம் எதையும் வெளியே தரக் கூடாது. ஆனால் அதில் ஒரு சந்து உண்டு. 'டைரக்டரி தகவல்' என்ற பெயரில் முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவற்றைச் சம்மதமின்றியே பள்ளி தரலாம். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும். பள்ளி திறந்ததும் வரும் காகிதக் கட்டில் அந்தப் படிவம் எங்கோ நடுவில் இருக்கும். நம்மவர்கள் அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

இவ்வளவு தூரத்துக் கதை எதற்கு என்று திருப்பூர் வாசகர் கேட்கலாம். பனியன் கம்பெனிகளுக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளிடம் பிறப்புச் சான்று இல்லை என்று இங்கேயும் சில பள்ளிகள் திருப்பி அனுப்புகின்றன. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், 14-ஆவது பிரிவில், வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. டல்லாஸில் நம் பேரனுக்குக் கேட்பதைத்தான் அந்தப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

யாராவது பிடித்து வைக்கப்பட்டால்: குடியேற்ற நீதிமன்றத்தில் வக்கீல் வைக்க உரிமை உண்டு, செலவு நம்முடையது. அரசு வக்கீல் தராது. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வாதாடுபவர்களின் பட்டியல் நீதிமன்றத்திலேயே கிடைக்கும். புரியாத காகிதத்தில், குறிப்பாகத் தானே வெளியேறச் சம்மதம் என்பதில், வக்கீல் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. ஆள் எங்கே என்று ஐஸ் இணையதளத்தில் தேடலாம், குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் 'ஏ' எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால் எளிது. அந்த எண் வேலை அனுமதி அட்டையில் இருக்கும். எண் இல்லாமல் பெயரால் தேடும்போது மேலே சொன்ன எஃப்என்யு தொல்லை வரும், பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அதில் காட்டாது. தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி உண்டு. ஆனால் இந்தியர் விஷயத்தில் கேட்டால்தான் சொல்வார்கள், தானாகச் சொல்லும் நாடுகளின் பட்டியலில் நாம் இல்லை. டெக்சாஸ் என்றால் ஹூஸ்டன் துணைத் தூதரகம், நியூஜெர்சி என்றால் நியூயார்க்.

ஊரில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: பாஸ்போர்ட், ஐ-94, ஐ-797 (குடியேற்றத் துறை அனுப்பும் ஒப்புதல் கடிதம்), குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளி அட்டை, வக்கீல் எண் எல்லாவற்றின் நகலையும் ஒரு பைலில் போட்டு வீட்டில் வைத்திருங்கள். அங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன், ஆனால் இந்தியா வர அதற்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தருவது) அல்லது விசாவும் வேண்டும். 16 வயதுக்குக் கீழ் பாஸ்போர்ட் எடுக்க அப்பா அம்மா இருவரும் நேரில் போக வேண்டும். ஒருவர் வர முடியாவிட்டால் டிஎஸ்-3053 என்ற சம்மதப் படிவம் நோட்டரியோடு வேண்டும். இருவரில் ஒருவர் உள்ளே போன பிறகு இதைத் தொடங்குவது மலையைக் கிள்ளுவது மாதிரி. குழந்தை பிறந்த வருடமே முடித்துவிடலாம்.

கடைசியாகப் போன் எண். பிடிபட்டவர் கையில் அலைபேசி இருக்காது, மனப்பாடமாகத் தெரிந்த எண்தான் கைகொடுக்கும். நம்மில் யாருக்கு இப்போது இரண்டு எண் மனப்பாடம்? அங்கே உள்ள நண்பர் ஒருவரின் எண்ணையும் வக்கீலின் எண்ணையும் பெரியவர்களும், எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிப் பழகட்டும்.

இப்படிக்கு,
குடியேற்றச் சட்டப் பணியிலும் பள்ளிக் கல்வியிலும் உள்ள வாசகர்கள்,
ஈரோடு.