வீட்டைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள்

வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் அலுவலகம் வைத்திருக்கும் நீங்கள், எங்கள் பிள்ளைகளைத் தேடி, கேரள எல்லையில் தமிழ் பேசும் எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக் கல்யாண மண்டபம் வரை வருகிறீர்கள். வாருங்கள். எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போவது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் விசா, கட்டணம், கடன் என்று மணிக்கணக்கில் பேசுகிற நீங்கள், போய் இறங்கும் பிள்ளை எங்கே குடியிருக்கும் என்று கேட்டால் மட்டும் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுந்துவிடுகிறீர்கள்.

என் மகளுக்கு உங்களில் ஒருவர் "தங்குமிடம் உறுதி" என்று எழுதிக் கொடுத்தார். போன பிறகுதான் தெரிந்தது, அது இரண்டு வாரத்துக்கான விடுதிப் படுக்கை. அதன்பின் பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி தன் அறையில் இடம் கொடுத்தாள். என் மகள் தரையில் படுத்துக்கொண்டு வகுப்புக்கும் போனாள், வீடும் தேடினாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவள் பெட்டி பிரிக்கப்படாமல் சுவரோரம் நிற்கும். துணிகளை எடுத்து அடுக்க ஓர் அலமாரி இல்லை.

தலை சாய்க்க இடம் கிடைத்தால் போதாதா என்று இங்கே கேட்கிறார்கள். போதாது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. பதிவு இல்லையென்றால் வசிப்பு அனுமதி நகராது, பல வங்கிகளில் கணக்கும் தொடங்க முடியாது. சில வாரங்களுக்கு மட்டும் அறை விடுகிறவர்களில் பலர் அந்தச் சான்றைத் தருவதில்லை. படிப்பு முடியும் வரை இருக்கக்கூடிய வீடு வேண்டும் என்று பிள்ளைகள் தவிப்பது இதனால்தான்.

அரசு மானியத்தில் நடக்கும் மாணவர் விடுதிகள்தான் வாடகை குறைந்தவை. பெரிய நகரங்களில் அவற்றுக்கு மாதக்கணக்கில், சில இடங்களில் பல கல்விப் பருவங்கள் (செமஸ்டர்) கூடக் காத்திருக்க வேண்டும். கல்லூரி அனுமதிக் கடிதம் வரும் முன்பே விண்ணப்பிக்க விடும் நகரங்களும் உண்டு. இந்த ஒரு செய்தியை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்!

பணக் கணக்கையும் மறைக்காதீர்கள். விசாவுக்காக, மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே எடுக்க விடும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ போடச் சொல்கிறீர்கள். மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மியூனிக்கில் பலர் சேர்ந்து குடியிருக்கும் பகிர்வு வீட்டின் ஓர் அறைக்கே 700 யூரோவுக்கு மேல் போய்விடுகிறது. மிச்சத்தில் மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். கெம்னிட்ஸ் போன்ற நகரங்களில் வாடகை மிகக் குறைவு. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சொல்லாத ஆலோசனைக்கு எதற்குக் கட்டணம்? ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் பல வங்கிகள் சொத்து ஈடு கேட்கும். எங்களிடம் இருப்பது தென்னந்தோப்புதான். அதை ஈடு வைத்துத்தான் அனுப்புகிறோம்.

இன்னொன்று மனதை அறுக்கிறது. தெரிந்த குடும்பத்துப் பையன் இங்கிருந்தபடியே, படத்தில் பார்த்த அறைக்கு முன்பணம் அனுப்பினான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், சாவி தபாலில் வருமாம். சாவியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. ஜெர்மனியின் சட்டப்படி முன்பணம், மற்ற செலவுகள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாத அளவைத் தாண்டக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடியேறும்போது கொடுத்தால் போதும். இது தெரிந்திருந்தால் அவன் அப்பாவே தடுத்திருப்பார்.

எனவே கேட்கிறேன். தங்குமிடம் என்று எழுதினால் எத்தனை நாளுக்கு, பதிவுச் சான்று கிடைக்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைத் தமிழில் கொடுங்கள். எங்களில் பலர் மலையாளம் பேசுவோமே தவிர, படிக்கத் தெரியாது. ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பெற்றோருக்கு எதில் போட்டோம் என்றே தெரிவதில்லை. குளிர்காலக் கல்விப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கான முகாமை இங்கே நடத்தும்போது, ஏற்கெனவே நீங்கள் அனுப்பிய பிள்ளைகளில் ஒருவரையாவது வீடியோவில் அழைத்து, வீடு கிடைத்த விதத்தைப் பெற்றோர் முன்னால் பேச வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
கொழிஞ்சாம்பாறை