லாம்டா ஃபேஜ் குப்பியைத் திறக்குமுன்

தடுப்பூசி ஆய்வு செய்யும் வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

பன்றி சர்க்கோவைரஸ்-2க்கு எதிரான ஆய்வுக்கு, அந்த வைரஸின் புரதத்தைச் சுமக்கும் ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வாங்குவோர் முதலில் கேட்பது, "டைட்டர் எவ்வளவு?" என்றுதான்; அதாவது ஒரு மில்லிலிட்டரில் எத்தனை தொற்றும் ஃபேஜ் என்று. ஊசியில் ஏறப்போகும் சரக்குக்கு அதற்கு முன்பே கேட்க வேண்டியது, எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு) எவ்வளவு என்பது.

ஃபேஜ் வளர்வது ஈ.கோலை பாக்டீரியாவுக்குள். செல் வெடிக்கும்போது அதன் வெளிச்சவ்வின் எண்டோடாக்சினும் கூடவே கொட்டுகிறது. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) போட்டு வீழ்படிய வைத்தாலும் முழுதாகப் போகாது, 0.22 மைக்ரான் வடிகட்டி பிடிக்காது; ஆட்டோகிளேவின் நீராவிச் சூட்டையும் நம்ப முடியாது. அப்படியே போட்டால் பன்றிக்குட்டிக்குக் காய்ச்சல். அதைவிடத் தொல்லை, எதிர்ப்பொருள் கூடியது வைரஸ் புரதத்தாலா எண்டோடாக்சினாலா என்று பிரிக்க முடியாமல் போவது.

எண்டோடாக்சினை நீக்க டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு போன்ற பொருள் போதும். 2% சேர்த்து 4 டிகிரியில் அரை மணி கலக்குங்கள். 37 டிகிரிக்கு ஏற்றினால் பால்போல் கலங்கும். சுழற்றினால் மேலே ஃபேஜ், அடியில் டிரைட்டானும் எண்டோடாக்சினும். சென்ட்ரிஃபியூஜ் குளிர்ந்திருந்தால் இரண்டும் மறுபடி கலந்துவிடும். பெரும்பாலும் தவறு நேர்வது இங்கேதான். மூன்று முறை செய்து, ஒவ்வொரு முறையும் டைட்டர் பாருங்கள். மிச்ச டிரைட்டான், எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையின் எண்ணைக் குறைத்துக் காட்டும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து 50 முதல் 200% வரை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை நம்புங்கள்.

அடுத்தது காட்சிப் புரதம், அதாவது ஃபேஜ் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் புரதம். ஃபேஜின் தலையுறையில் 'டி' புரதம் நானூறுக்கு மேல் உண்டு. 2009இல் வெளியான கனடிய ஆய்வில் சர்க்கோவைரஸின் கேப் (உறைப் புரதம்) துண்டுகளை ஒட்டியது இதில்தான். ஆம்பர் பிறழ்வு ('டி' மரபணுவின் நடுவே நிறுத்தக் குறி) உள்ள எங்கள் ஃபேஜை, அந்தக் குறியைத் தாண்டிப் படிக்கும் சப்ரெசர் ஈ.கோலையில் வளர்த்தால் கேப் ஒட்டாத வெறும் 'டி'யும் கலந்து வரும். ஈ.கோலை வகையை மாற்றினால் வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் இரண்டின் விகிதத்தைச் சரிபாருங்கள்.

ஃபேஜுக்கு வேண்டிய மக்னீசியத்தைப் பறிக்கும் ஈடிடிஏ கிட்டேயே வேண்டாம். மக்னீசியம் இல்லாத பிபிஎஸ் உப்புக் கரைசலும் நெடுநாள் ஆகாது. ஃபேஜைச் சேமிக்கும் எஸ்எம் கரைசலில் வழக்கமாகப் போடும் ஜெலட்டினை விட்டுவிடுங்கள், பன்றித்தோல் ஜெலட்டினைப் பன்றிக்கே ஏற்றுவானேன்? குளோரோஃபார்ம் சேர்த்து வைத்த குப்பி ஊசிக்கு ஆகாது.

ஒப்பீட்டுக் குட்டிகளுக்கு வெறும் கரைசல் போதாது. கேப் இல்லாத லாம்டாவையும் இதே முறையில் சுத்திகரித்துப் போடுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஃபேஜ் தயாரிப்புப் பிரிவு