முன்னால் போன பெண்களுக்கும் கூட நின்றவர்களுக்கும்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கான என் சிகிச்சை போன மாதம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, எனக்குப் பெயர்கூடத் தெரியாத பெண்கள்தான் அதில் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்குக் கொடுத்த ஒவ்வொரு சிகிச்சையையும், அது பலிக்குமா பலிக்காதா என்று யாருக்கும் தெரியாத காலத்தில், தங்கள் உடம்பில் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். முதல் நன்றி அவர்களுக்கே.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சர்ஜன் வந்து, "மயக்கம் கொடுத்த பிறகு கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் போடுவோம்மா. ஏழெட்டு நிமிஷம் பொறுத்துத்தான் கத்தி வைப்போம்" என்றார். பல் டாக்டர் ஈறில் போடுவாரே, அதே மரப்பு ஊசிதான். முழு மயக்கத்தில் கிடப்பவளுக்கு மரப்பு ஊசி எதற்கு என்று கேட்டேன். அவசரப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். அறுக்கும்போது கட்டி கலைந்து செல்கள் பரவ வழி ஏற்படலாம். அந்த நேரத்தில் சுற்றிலும் உள்ள திசுவை மரக்கவைத்தால் பரவுவது குறையுமா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திர பட்வேயின் குழு யோசித்திருக்கிறது. 2011 முதல் 2022 வரை, இந்தியாவின் 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்கள் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கட்டியின் எல்லாப் பக்கமும் அந்த ஊசி போட்டார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான ஆபரேஷன் மட்டும். ஐந்து ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 86.4 சதவீதம். 2023-இல் அந்த முடிவு வெளியானது.

நூறு பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள், அதுவும் எந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும் இருக்கக்கூடிய ஒரு மலிவான மருந்தால். இதை விற்று யாரும் பெரிய லாபம் பார்க்க முடியாது என்பதால் மருந்துக் கம்பெனிகள் இந்த மாதிரி ஆய்வுக்குப் பணம் போட வரமாட்டார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவமனைகள்தான் இதைச் செய்ய வேண்டும். செய்தார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. அந்த 1,600 பேருக்கும், முக்கியமாக ஊசி கிடைக்காத பாதிப் பேருக்கும் என் நன்றி. நீங்கள் இல்லாமல் இந்த ஊசிக்குப் பலன் உண்டென்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எனக்கு மார்பை முழுவதும் எடுக்கவில்லை. கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தார்கள். எங்கள் பெரியம்மா காலத்தில் மார்பில் கட்டி என்றால் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். அதற்கும் முன்னால் நெஞ்சுத் தசை, அக்குள் நிணநீர் முடிச்சு எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா என்று அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் டாக்டர் உம்பெர்த்தோ வெரோனேசியும் கேட்டார்கள். மிலானில் 701 பெண்கள், ஃபிஷரின் ஆய்வில் 1,800-க்கும் மேல். தன் மார்பு இருக்குமா போகுமா என்பதைக் குலுக்கலுக்கு விட சம்மதித்த பெண்கள் இவர்கள். 1970-களில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மார்பை எடுத்த பெண்களும் மார்பைக் காத்துக்கொண்ட பெண்களும் ஒரே அளவுக்குத்தான் பிழைத்திருந்தார்கள். ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுக்காத ஒரு பிரிவும் இருந்தது. அவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, ரேடியேஷன் எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். "ரேடியேஷனைத் தவிர்க்க முடியாதா டாக்டர்?" என்று நான் கேட்டபோது அவர் தயங்காமல் "முடியாதும்மா" என்று சொன்னாரே, அந்த உறுதியை அவருக்குக் கொடுத்தவர்கள் நோய் திரும்பிய அந்தப் பெண்கள். உங்களை நான் மறக்க மாட்டேன்.

என் கட்டி ஹெர்-2 பாசிட்டிவ், அதாவது ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும் கட்டி. வேகமாக வளர்கிற வகை. டாக்டர் டென்னிஸ் ஸ்லேமனின் உழைப்பால் 1998-இல் அமெரிக்காவில் இந்த வகைக்கான ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து அனுமதி பெற்றது. அதற்கு வழி செய்த முக்கியமான ஆய்வில் இருந்தவர்கள் 469 பெண்கள், எல்லாரும் நோய் பரவிய நிலையில் இருந்தவர்கள். தங்களுக்குக் காலம் குறைவு என்று தெரிந்தே வந்தவர்கள். இந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும் என்பதும் அவர்கள் வழியாகத்தான் தெரியவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு எக்கோ எடுத்து இதயத்தைப் பார்த்தது அதனால்தான். பிறகு 2005-இல், ஆரம்ப நிலையிலேயே இதைக் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று தெரிந்தது. 2013-இல் இந்திய நிறுவனமான பயோகானின் பயோசிமிலர், அதாவது மூல மருந்தைப் போலவே வேலை செய்யும் மருந்து, இந்தியாவில் அனுமதி பெற்றது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ட்ராஸ்டுசுமாப் சேர்ந்தது. மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்த மருந்து எட்டியதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

பலன் இல்லை என்று முடிந்த ஆய்வுகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. "எனக்கு ஏன் ஆபரேஷன் பண்ணல? கைவிட்டுட்டாங்களா?" என்று ராத்திரியெல்லாம் அழுவார். மறுநாள் டாக்டர் வந்து அவருக்குப் புரியும்படி சொன்னார். டாடா மருத்துவமனையிலேயே 350 பெண்களிடம் பார்த்து 2015-இல் முடிவு சொல்லியிருக்கிறார்கள்: பரவிய நோயில், கீமோவுக்குப் பிறகு மார்பை ஆபரேஷன் செய்து எடுப்பதால் ஆயுள் கூடவில்லை. அக்கா அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். ஒரு வீண் ஆபரேஷனும் அதன் வலியும் அவருக்கு மிச்சம். அந்த 350 பேரால் அவருக்குக் கிடைத்தது அந்தத் தூக்கம்.

எனக்கும் ஓர் ஆய்வில் சேர வாய்ப்பு வந்தது. ரேடியேஷனை மூன்று வாரம் கொடுப்பதா, ஐந்தே நாளில் கொடுப்பதா என்று ஒப்பிடும் ஆய்வு. இங்கிலாந்தில் 4,096 பேரிடம் பார்த்து, ஐந்து நாள் முறை சளைத்ததல்ல என்று 2020-இல் சொல்லிவிட்டார்கள். நம் பெண்களிடமும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் டாக்டரின் எண்ணம். அம்மாவுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "எம்பொண்ண வச்சு சோதிச்சுப் பாக்கப் போறீங்களாம்மா?" என்று ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் நேராகவே கேட்டுவிட்டார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆமாம்மா, ஆய்வுதான். மறைக்க ஒண்ணுமில்ல. ரெண்டுமே நல்ல வைத்தியம்னு தெரிஞ்சதுதான். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் சீட்டுப் போடும், டாக்டரும் கை வைக்க முடியாது. வேண்டாம்னு சொன்னாலும் இவங்களுக்கு வைத்தியத்துல ஒரு குறையும் வராது. நடுவுல எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். ஆய்வால ஏதாவது பாதிப்பு வந்தா செலவு எங்களோடது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிங்க, அவசரமே இல்ல."

அடுத்த முறை போனபோது, படிவத்தில் என்ன புரிந்தது என்று என்னையே சொல்லச் சொன்னார். நான் சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுத்தார். அந்தப் படிவம் நல்ல தமிழில், ஒருமுறை படித்தாலே புரியும்படி இருந்தது. அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் இருப்பார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முகம் தெரியாத அந்த உறுப்பினருக்கும் என் நன்றி.

குலுக்கலில் எனக்கு மூன்று வாரம்தான் விழுந்தது. ஐந்து நாள் கிடைத்திருந்தால் ரூம் வாடகை மிச்சமாகியிருக்கும், சீக்கிரம் ஊருக்கு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறியிருப்பேன். ஆனால் ஊசி கிடைக்காத அந்த எண்ணூறு பேரை நினைத்துக்கொண்டேன். மனசு சமாதானமாகிவிட்டது.

இனி, கூட நின்றவர்கள். ஆபரேஷன் முடிந்து தோளுக்கு மேல் கை தூக்க முடியாமல் இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, விரல்களால் சுவரில் ஏறச் சொன்னார். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். "நாளைக்கு இதுக்கு மேல ஒரு விரக்கடை போதும்" என்பார். வீட்டுச் சுவரிலும் அப்படியே செய்தேன். இன்று கரும்பலகையின் மேல் வரி வரைக்கும் எழுத முடிகிறது என்றால் அது அவர் போட்ட பென்சில் கோடுகளால்தான்.

கீமோவுக்கு மறுநாள் போட வேண்டிய, ரத்தத்தில் வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசியைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கட்டிக் கொடுத்த மெடிக்கல் ஷாப் தம்பி, அதை ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போட்டுவிட்ட எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர், வாய்ப்புண் வந்த நாட்களில் காரமில்லாமல் கஞ்சி காய்ச்சித் தந்த ரூம் வீட்டு அக்கா, என் வகுப்புகளைப் பங்குபோட்டு எடுத்த சக ஆசிரியர்கள், தலைமுடி கொட்டியபோது வீட்டுக் கண்ணாடியை ஒரு வார்த்தையும் சொல்லாமல் கழற்றி வைத்து, நான் கேட்டதும் மாட்டிவிட்ட என் கணவர், இவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகவும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஆய்வுக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். முடிவு எதுவாக இருந்தாலும் அதைப் பத்திரிகைகளில் போடுவதோடு நிறுத்தாமல், சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதமாக அனுப்புங்கள். எங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. புதிதாக நோய் கண்டு, ஆய்வில் சேரச் சொல்லிப் படிவம் கையில் வந்திருக்கும் சகோதரிகளே, எந்தக் கேள்வியையும் கேட்கக் கூசாதீர்கள். என் அம்மா கேட்டதையே கேளுங்கள். அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதில் சரியாக வரவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்த ஃபாலோ-அப்புக்குப் போகும்போது இந்த மடலை அச்செடுத்து டே கேர் வார்டு போர்டில் ஒட்டலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். சரி என்றார். பக்கத்துக் கட்டில் அக்காவும் அன்றைக்குத்தான் வருகிறார். அவருக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
மன்னார்குடியிலிருந்து ஒரு தமிழாசிரியை