வாசல் லைற்றைப் போட்டு வை

அன்பு மகள்,

போன ஹலோவீனுக்கு வேசம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு உங்கள் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் வந்தார்கள், இந்தமுறை பேரப்பிள்ளைகளை மோலுக்கே கூட்டிக்கொண்டு போகட்டோ என்று கேட்டிருந்தாய். போகாதே, பிள்ளை. புதுத் தெருவில் அயலட்டம் முழுக்க உன் வாசலுக்கு வரக்கூடிய ஒரே இரவு இதுதான்.

தெரு இருண்டுபோவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் லைற்றைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாலு வீடு இருட்டாகக் கிடந்தால், கூட வரும் தாய் தகப்பன் அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவார்கள். இனிப்பு மிஞ்சிப்போன வீட்டுக்காரர் மற்ற வருசம் லைற்றே போடமாட்டார். இப்படியே ஒவ்வொரு வீடாக அணைந்துவிடும். அதனால் முழுத் தெருவையும் யோசிக்காதே; உன் வீட்டோடு சேர்த்து அடுத்தடுத்து ஆறு வீட்டைப் பிடி, அது போதும்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் முன்வீடுகளுக்கும் பிள்ளைகளோடு நடந்து போ. கையில் ஒரு துண்டுக் கடதாசி கொடு: "31ஆம் திகதி 5.30 தொடக்கம் 8 மணி வரை எங்கள் வீட்டில் லைற் எரியும். நீங்களும் போடுவீர்களா?" கனடாவுக்குப் புதிதாக வந்த சனம் பலர் விருப்பமில்லாமல் இருட்டில் இருப்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்கள். லைற் போட்டால் வரலாம் என்று அர்த்தம், இனிப்பு முடிந்ததும் அணைத்துவிடலாம், ஒரு பிள்ளைக்கு ஒன்று கொடுத்தால் போதும் என்று விளக்கமாகச் சொல். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு பெட்டி இனிப்பை நீயே வாங்கிக் கொடுத்துவிடு.

சென்சர் லைற்றைக் கவனி. ஆள் அசையாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது அணைந்துவிடும். தூரத்தில் வருகிற பிள்ளை வீடு பூட்டிக் கிடக்கிறதென்று நினைத்துப் போய்விடும். அன்றைக்கு மட்டும் அதைத் தொடர்ந்து எரிகிற மாதிரி மாற்றி வை. முடிந்தால் கதவடியில் நிற்காமல் ட்ரைவ்வேயில் மேசை போட்டு இரு. ஸ்ட்ரோலரோடும் சக்கர நாற்காலியோடும் வருபவர்களுக்குப் படி ஏறும் கஷ்டம் இருக்காது, பக்கத்து வீட்டாரும் வந்து நின்று கதைப்பார்கள். பிள்ளைகளோடு வெளிக்கிடும்போது "ஒன்று எடுங்கள்" என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாதே. முதல் கூட்டத்திலேயே வெறுமையாகிவிடும். ஒருவர் வீட்டில் நில்லுங்கள்.

அன்றைக்கு ஆறேகால் மணிக்குள் சூரியன் போய்விடும். சின்னஞ்சிறுசுகள் அதற்கு முன்பே வரும், பெருங்கூட்டம் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில். கடைசியாக வருகிற பெரிய பிள்ளைகளிடம் வயது கேட்காதே, சந்தோசமாகக் கொடு. முதல் வருசத்துக்கு எண்பது இனிப்பு காணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போட்டுக் குறித்து வை, அடுத்த வருசம் அந்தக் கணக்குக்கு வாங்கலாம்.

கச்சான் இல்லாததாகப் பார்த்து வாங்கு. கம்மி மிட்டாய்களில் பெரும்பாலும் மிருகங்களின் தோல், எலும்பில் இருந்து எடுக்கிற ஜெலற்றின் இருக்கும். மச்சம் சாப்பிடாத பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தொடமாட்டார்கள். சின்னச் சிப்ஸ் பை நல்லது, ஆனால் பின்பக்கத்தைப் படித்துப் பார். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர், பென்சில் வேறு கிண்ணத்தில் வை. ஒரே கிண்ணத்தில் போட்டால் சொக்லேட் தூள் அதிலும் ஒட்டும். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி கண்டால் அங்கே இப்படிச் சாப்பாடு அல்லாத பொருள் உண்டென்று அர்த்தம். 2014இல் அமெரிக்காவில் ஓர் ஒவ்வாமை அமைப்பு நாடு முழுக்கப் பரப்பிய வழக்கம் அது.

முறுக்கு சுட்டுக் கொடுக்காதே. பொதி செய்யாததைப் பெற்றோர் வீட்டுக்குப் போனதும் எறிந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் மேற்குக் கனடாவில் "ஹலோவீன் அப்பிள்ஸ்!" என்று கத்தித்தான் கேட்பார்கள், அப்பிள் கொடுப்பதும் சாதாரணம். நஞ்சு கலந்த இனிப்புப் பற்றிய பயம்தான் அதை நிறுத்தியது. முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஹலோவீன் இனிப்பால் பிள்ளை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுமில்லை என்று ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல வருசம் தேடிச் சொல்லியிருக்கிறார். உண்மையான ஆபத்து கார்தான். உடுப்பில் ஒளி தெறிக்கும் ரேப் ஒட்டு, முகமூடிக்குப் பதில் முகத்தில் வர்ணம் பூசு, கணுக்காலுக்குக் கீழே துணி தொங்க விடாதே. உடுப்பை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கு, உள்ளே ஜக்கற் போட வேண்டிவரும். பைக்குத் தலையணை உறைதான் நல்லது. மழையில் கடதாசிப் பை அடி கழன்றுவிடும்.

பூசணிக்காயை 29ஆம் திகதிக்கு முன் வெட்டாதே, நாலைந்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மூடியை வெட்டும்போது கத்தியை உள்பக்கம் சாய்த்துப் பிடி. நேராக வெட்டினால் மூடி உள்ளே விழும். முகம் வரும் பக்கத்தை ஓர் அங்குலத் தடிப்பு வரும்வரை சுரண்டு. தடிப்பாக இருந்தால் கத்தி இறுகும், மெல்லிசாகிப் போனால் முகம் சரிந்துவிடும். வெட்டின ஓரத்தில் வாஸ்லின் பூசினால் சுருங்குவது குறையும். இரவில் உறையும் என்றால் கராஜுக்குள் வை. உள்ளே பற்றரி விளக்கு. 2024இல் தீபாவளியும் அதே 31ஆம் திகதி வந்தது. அப்படி நாள் சேரும்போது அகல்விளக்கைப் படியில் வைக்காதே, நீள உடுப்பில் தீப்பிடிக்கும். ஜன்னலுக்கு உள்ளே வை.

அந்தப் பூசணி கறிக்கு உதவாது, நாரும் தண்ணீரும்தான். விதையை எறியாதே. கழுவி, நன்றாகக் காயவிட்டு, உப்பும் தூளும் எண்ணெயும் பிரட்டி, 325 பாகை பரனைட்டில் இருபது நிமிசம் அவணில் வை. ஈரத்தோடு வைத்தால் மொறுமொறுப்பு வராது. பூசணிக் கோதை நவம்பர் முதலாம் திகதி உக்கும் குப்பை போடுகிற பச்சைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, எத்தனை பிள்ளைகள் வந்ததென்று அந்த ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொல். எனக்கும் ஒருக்கால் எடுத்துச் சொல்லு.

அம்மா