குத்தகைக்காரரையும் நடவுப் பெண்களையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்

வேளாண் நிதிநிலை அறிக்கைக்குக் கருத்துக் கேட்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அதற்கு முன்னால் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அங்கே வந்து பேசுகிறவர்கள் யார் என்று ஒரு தடவை பாருங்கள்.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரி. அப்பா ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர். ஒருமுறை அவரோடு விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனேன். முன் வரிசையில் இருந்தவர்களை அதிகாரிகள் பெயர் சொல்லி அழைத்தார்கள். எல்லாரும் சொந்த நிலம், சொந்த கார் உள்ளவர்கள். அப்பாவின் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. "பட்டா யார் பேரில்?" என்று கேட்டார்கள். அப்பா பதில் சொன்னார். அதோடு அவர் பேச்சு முடிந்தது. நடவுக்குப் போகும் பெண்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடுமே.

இப்படிக் கேட்டு எழுதும் திட்டங்கள் எப்படி இருக்கும்? 2019இல் மத்திய அரசு தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவி, நிலம் யார் பேரில் உள்ளதோ அவருக்குத்தான். அவர் வெளியூரில் குடியிருந்தாலும் சரி. பயிர் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு, வேண்டும். குத்தகைக்காரர் அதற்கு நில உரிமையாளரின் தயவை எதிர்பார்த்து நிற்கவேண்டும். கிடைக்காதவர் வெளியே வட்டிக்கு வாங்குகிறார். 2021 பிப்ரவரியில் மாநில அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, அந்த வட்டிக் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. ஆனாலும் எங்கள் பக்கம் பெரும்பாலும் வாய்வார்த்தைக் குத்தகைதான். பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது, அவ்வளவுதான். நில உச்சவரம்பிலும் இதே கதை நடந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கும் நிலத்துக்கு 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்து, 1970இல் 15 ஆகக் குறைத்தார்கள். அதற்குள் உறவினர் பெயருக்கும் பினாமிக்கும் மாற்றிக்கொள்ள நிலம் வைத்திருந்தவர்களுக்கு நேரம் இருந்தது. நிலமும் அவர்களிடம், சட்டம் செய்யும் இடத்தில் செல்வாக்கும் அவர்களிடம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேர் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இருந்த அந்தத் தூரம் இன்னும் முழுசாகக் குறையவில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நிலம் வைத்திருப்பவர்களைக் கேட்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் தண்ணீர்க் கவலையும் விலைக் கவலையும் உண்டு. குத்தகைக்காரருக்கும் கூலி வேலை செய்பவர்களுக்கும் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். மாவட்டத் தலைநகரில் வேண்டாம், கிராமத்தில் போடுங்கள். பட்டாவைக் கேட்காமல், இந்தப் போகம் யார் உழுதார் என்பதை அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் விசாரித்து, வி.ஏ.ஓ. நேரில் பார்த்துக் குறிக்கும்படி ஒரு வழி செய்யுங்கள். உரிமையாளர் கையெழுத்து இல்லாமலே அந்தக் குறிப்பு செல்லுபடியாகவேண்டும்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். வேலைக்குப் போன பெண்கள் அப்போதுதான் வீடு திரும்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயியின் மகள்