எதிர்ப்பக்கம் நின்று பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் அப்பத்தா, அப்புச்சி, அம்மிச்சி எல்லோருக்கும் வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை 4.10க்கு மணி அடித்தது. வழக்கம்போல் கேட்டருகே நின்றிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை முன்னால், அவளுடைய அப்புச்சி முறுக்குப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் கையைத் தூக்கி, "அம்மிணி, இங்க வா சாமி" என்றார். அவள் ஓடினாள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த சரக்கு வேன் பிரேக் அடித்த சத்தத்தில்தான் என்ன நடக்கிறது என்பதே எனக்குப் புரிந்தது. வேன் நின்ற இடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் என் காலடிக்கு இரண்டு எட்டு இருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு செருப்பு மட்டும் நடுரோட்டில் கிடந்தது. அப்புச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மறுநாள் பள்ளிக்கு வந்து, "இதை எல்லாருக்கும் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டவரே அவர்தான். அவர் நின்ற இடத்துக்கும் நம் புது ஜீப்ரா கோட்டுக்கும் இருபதடிகூட இருக்காது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கோட்டுக்காக நாம் எத்தனை நடை நடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். ரோடு புதிதாகப் போட்டபோது பழைய கோடு தாருக்கு அடியில் போய்விட்டது. ரோடு வழவழவென்று ஆனதும் வண்டிகளின் வேகமும் கூடிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். மனு கொடுத்தோம், மறுபடியும் கொடுத்தோம். சென்ற மாதம்தான் வேலை முடிந்தது. இப்போது கேட்டுக்கு நேராக ஜீப்ரா கோடு இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு திசையிலும், டயர் ஏறினால் தடதடவென்று அதிரும் தடித்த வெள்ளைப் பட்டைகள் இருக்கின்றன. 'பள்ளிப் பகுதி' என்ற பலகை, வேகம் 30 என்ற பலகை, சோலாரில் மினுங்கும் மஞ்சள் விளக்கு, பள்ளி நேரத்தில் இழுத்து வைக்க இரண்டு பேரிகார்டு எல்லாம் வந்துவிட்டன.

"ஏன் டீச்சர் வேகத்தடை போடலை?" என்று பலர் கேட்டீர்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். முறையான வேகத்தடைக்கு, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் ஓர் அளவு வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கி.மீ. வேகத்தில் வந்தால் அலுங்காமல் ஏறி இறங்கலாம். நம் ஊர்ப் பக்கம் பார்ப்பதெல்லாம் ஒரு முழ அகலத்தில் குவித்து வைத்த மேடு. அதில் இரவில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட அப்பா ஒருவர் நம் பள்ளியிலேயே இருக்கிறார். பஸ்ஸும் ஆம்புலன்ஸும் போகும் பெரிய ரோட்டில் நினைத்த இடத்தில் மேடு போட முடியாது. அதிர்வுப் பட்டை ஓட்டுநரை எழுப்பிவிடும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைக்க வேண்டியது அவருடைய கால். அவர் குறைக்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் நம் பிள்ளைகளை நாம் பழக்க வேண்டும்.

30 என்று எழுதி வைத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய் டேப் பிடித்து அளக்கச் சொன்னேன். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநரின் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். அதிலேயே 17 மீட்டர் போயிற்று. பிரேக் பிடித்த பிறகு, நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் இன்னும் 20 மீட்டர் இழுத்துக்கொண்டு போகும். மொத்தம் 37 மீட்டர். அதே வண்டி 30இல் வந்தால் முதலில் 8, அப்புறம் 5, ஆக 13 மீட்டரில் நின்றுவிடும். 13 மீட்டர் என்பது பெரியவர்கள் ஆடும் கபடிக் களத்தின் நீளம். சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டியதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. 30இல் வந்தால் ஒரு களம், 60இல் வந்தால் கிட்டத்தட்ட மூன்று களம். "வேகம் ரெண்டு மடங்குதானே டீச்சர், தூரம் ஏன் மூணு மடங்கு?" என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. யோசிக்கிற தூரம் இரண்டு மடங்காகிறது, பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகிறது. அதனால்தான் அப்படி. தேங்காய் மட்டையை மலைபோல் ஏற்றி வரும் லாரிக்கும், மழை பெய்து நனைந்த ரோட்டுக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

இப்போது பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். நம் ரோட்டின் அகலம் 7 மீட்டர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதை நடந்து கடக்க ஏழு விநாடியாவது ஆகும். அந்த ஏழு விநாடியில் 60இல் வரும் வண்டி நூறு மீட்டருக்கு மேல் வந்துவிடும். மட்டை மில் வளைவில் வண்டி தலைகாட்டும்போது, தூரத்தில்தானே இருக்கிறது என்று காலை எடுத்து வைத்தால், பாதி ரோடு தாண்டுவதற்குள் பக்கத்தில் நிற்கும். ஒன்பது, பத்து வயது ஆகும்வரை, வருகிற வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்கப் பிள்ளைகளால் முடிவதில்லை. "வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடி வலப்பக்கம் பார்" என்று வகுப்பில் அழகாக ஒப்பிப்பார்கள். எதிரே பிடித்த முகம் ஒன்று தெரிந்துவிட்டால் கண்ணும் காதும் அந்த முகத்திடமே போய்விடும். பிள்ளைகள் அப்படித்தான், அதை மாற்ற முடியாது. எங்கே நிற்கிறோம் என்பதைப் பெரியவர்கள் நாம் மாற்றிக்கொள்ள முடியும்.

ஆகவே என்னுடைய முதல் வேண்டுகோள் இதுதான். பிள்ளையைக் கூட்டிப் போக வருகிறவர்கள் பள்ளிப் பக்கத்துக்கே வந்து நில்லுங்கள். டீக்கடைப் பக்கம் நின்று கை அசைக்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள். ஜீப்ரா கோட்டில் நடந்து வந்து, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அதே கோட்டில் திரும்பிப் போங்கள். விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடுவார்கள், மணிக்கட்டைப் பிடித்தால் முடியாது. முழங்கால் வலியோடு வரும் பாட்டிமார்கள் கோடு தாண்ட வேண்டாம். அங்கேயே இருங்கள், ஆசிரியர் ஒருவர் பிள்ளையைக் கொண்டுவந்து உங்கள் கையில் ஒப்படைப்பார். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது, டூ வீலர். காலையில் கேட்டுக்கு எதிரே, கோட்டின் மேலேயே பத்து வண்டிகள் நிற்கின்றன. அவசரம் எனக்கும் புரிகிறது. பால் சொசைட்டிக்குப் போய்விட்டு, மில் வேலைக்கும் ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் நிற்கிற வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் சின்னப் பிள்ளையை எந்த ஓட்டுநராலும் பார்க்க முடியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலை வண்டியின் கண்ணாடி உயரத்துக்குக்கூட வராது. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் நடப்பவர்கள் கடக்கும் கோட்டின்மேல் வண்டி நிறுத்தக்கூடாது என்றுதான் சொல்கின்றன. மாரியம்மன் கோவில் திடல் நம் பள்ளி இருக்கும் பக்கமே இருக்கிறது. வண்டிகளை அங்கே நிறுத்திக்கொள்ளக் கோவில் கமிட்டியார் சம்மதித்துவிட்டார்கள். அங்கிருந்து கேட்டுக்கு இரண்டு நிமிட நடை. பிள்ளையோடு பேசிக்கொண்டே வரலாம். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது, அதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்ததை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற அண்ணன் அப்பாவின் வண்டியில் தங்கையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வருவதை வாரத்தில் நாலு நாள் பார்க்கிறேன். அந்தப் பையன்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். "வீட்ல வேற யாரும் இல்லீங் டீச்சர்" என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019 திருத்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் ஓட்டி விபத்தோ குற்றமோ நேர்ந்தால், பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் பொறுப்பாவார்கள். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. தண்டனையைக் காட்டி மிரட்ட இதைச் சொல்லவில்லை. தங்கையைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட வேண்டும் என்று நினைக்கிற அந்தப் பையன் நல்லவன். அவனால் முடியாத பொறுப்பை அவன் தலையில் வைக்காதீர்கள். வண்டி வசதி இல்லாத வீட்டார் என்னிடம் சொல்லுங்கள். ஒரே வீதியிலிருந்து வரும் பிள்ளைகளை ஒரு பெரியவரோடு சேர்த்து நடத்திக் கூட்டி வர ஏற்பாடு செய்யலாம். தெற்கு வீதியில் நம் அம்மா ஒருவர் ஏற்கெனவே ஆறு பிள்ளைகளை அப்படித்தான் அழைத்து வருகிறார்.

டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி. இறங்கியதும் பஸ்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ கடக்கக் கூடாது. பஸ் போகும்வரை ஓரமாக நிற்க வேண்டும், அப்புறம் கோட்டுக்கு நடந்து வர வேண்டும். நிறுத்தத்தைக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துத் தரும்படி மனு எழுதியிருக்கிறேன். அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

"மனுவால் என்ன ஆகிவிடும்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். நம் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தவர், சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதிலிருந்துதான் 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. நடந்து போகிறவர்களின் பாதுகாப்புக்கு விதிகள் வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்ததும் அதே வழக்கில்தான். பொள்ளாச்சியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதம் அது. நம் மனுவும் காகிதம்தான். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுதும் அந்த ஆண்டு நடந்து போகும்போது அடிபட்டு இறந்தவர்கள் 32,825 பேர். இதைப் படித்த பிறகு மனு எழுதச் சலிப்பு வருவதில்லை எனக்கு.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். காலை உணவுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் எட்டு மணிக்கெல்லாம் ரோட்டைக் கடக்கிறார்கள். ஆசிரியர்கள் 8.45 முதல் 'நில்' பலகையோடு கோட்டில் நிற்கிறோம், மாலையிலும் நிற்கிறோம். எட்டு மணியிலிருந்து அந்த முக்கால் மணி நேரம் மட்டும் அங்கே யாரும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே நிற்பதாகச் சொன்னார்கள். பெருமையாக இருந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடுகிற வண்டிக்கு முன்னால் கை காட்டுவது பிள்ளைகள் செய்யும் வேலை அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு பெற்றோர் வீதம் முறை வைத்தால், ஒருவருக்கு மாதம் ஒரு முறைகூட வராது. மஞ்சள் மேல்சட்டையும் பலகையும் பள்ளியில் இருக்கின்றன. எப்படி நிற்பது, வண்டி நின்றபின் மட்டும் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்பதைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து காட்டித் தருகிறார்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30க்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அன்று வாருங்கள். வர முடியாதவர்கள் பிள்ளையின் டைரியில் உங்களுக்கு வசதியான கிழமையை எழுதி அனுப்புங்கள். பட்டியலைத் திங்கட்கிழமை காலை கேட்டில் ஒட்டிவிடுவேன். அன்று எட்டு மணிக்கு முதல் முறை என்னுடையது. கூட நிற்க அந்த அப்புச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி