வசந்திக்கு, அம்மா தங்குவது பற்றி

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வின்னிபெக் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2020 அக்டோபரில் திறந்து மூன்றே வாரத்தில் மூடிய, பெற்றோரைக் கனடாவுக்கு நிரந்தரமாக வரவழைக்க விரும்புகிறேன் என்று சொல்லும் அந்த விருப்பப் படிவத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வருஷமும் குலுக்கலில் பெயர் வருமா என்று காத்திருந்தவள் நீ. 2025 ஜூலையில் அழைப்பு வந்தபோது அப்பா இல்லை என்று நீ போனில் அழுதது எனக்கு மறக்கவில்லை. இப்போது அம்மாவாவது பக்கத்தில் இருக்கிறார்கள்.

"ஸ்பான்சர் பேப்பர் போட்டாயிற்று, இனி அம்மாவைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லைதானே?" என்று கேட்டிருந்தாய். இதற்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும். ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மட்டும் அம்மாவுக்கு இங்கே தங்க ஒரு நாள்கூடக் கிடைக்காது. அது தனி ஃபைல், தங்குவது தனி ஃபைல். ஒன்று நகர்கிறது என்பதற்காக மற்றது தானாக நீளாது. இங்கே பல வீடுகளில் இந்த இடத்தில்தான் குழம்பிப்போகிறார்கள். உனக்கு அது நேரக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். விசா ஸ்டிக்கரில் இருக்கும் தேதியைப் பார்க்காதே, அது உள்ளே வருவதற்கான கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குத்திய முத்திரைதான் சொல்லும். முத்திரைக்குப் பக்கத்தில் கையால் தேதி எழுதியிருந்தால் அதுவரை. எதுவும் எழுதவில்லை என்றால், வந்த நாளிலிருந்து 6 மாதம். அம்மா வந்தது சாதாரண விசிட்டர் விசாவில் என்பதால் அநேகமாக அந்த 6 மாதம்தான்.

அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் கெடு முடிய 30 நாளாவது இருக்கும்போதே ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடு. கட்டணம் 100 டாலர். கெடுவுக்கு முன்பே போட்டுவிட்டால், முடிவு வரும்வரை அம்மா சட்டப்படி இங்கேயே இருக்கலாம். ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த உரிமை போய்விடும், திரும்பி வரும்போது அதிகாரி புதிதாகத்தான் முடிவு செய்வார். கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு 90 நாளுக்குள் நிலையை மீட்க ஒரு வழி உண்டு என்றாலும், அதை நம்பி உட்காராதே. இன்னொன்று: பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி நீட்டிப்பு தர மாட்டார்கள். அம்மாவின் பாஸ்போர்ட் அடுத்த வருஷம் முடிகிறது என்று எப்போதோ சொன்ன ஞாபகம். அப்படியானால் முதல் வேலை பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதுதான், நீட்டிப்பெல்லாம் அப்புறம்.

பெற்றோர் நீண்ட காலம் தங்கிப் போவதற்கான சூப்பர் விசா பற்றியும் கேட்டிருந்தாய். என் அப்பா இப்போது அதில்தான் வந்து போகிறார். 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரு தடவை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம், விசா 10 ஆண்டு வரைக்கும் கிடைக்கும். ஆனால் கனடாவுக்குள் இருந்துகொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அம்மா அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அங்கிருந்து போடட்டும். வருமானக் கணக்கு உனக்குச் சிரமமாக இருக்காது. ஸ்பான்சர்ஷிப்புக்கு மூன்று வருஷ வருமானத்தைக் காட்டித்தான் போட்டிருக்கிறாய், அதற்குக் குறைந்தபட்ச வருமானத்துக்கு மேல் 30 சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள், சூப்பர் விசாவுக்கு அந்தக் கூடுதல் கிடையாது.

அதற்கு ஒரு வருஷத்துக்குக் குறையாமல், ஒரு லட்சம் டாலருக்காவது மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். சாதாரண விசாவுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் இன்றைக்கே எடுத்துவிடு. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில்லை நம்மால் தாங்க முடியாது. பாலிசியை வாங்கும் முன் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பகுதியை வரி விடாமல் படி. என் அப்பா கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு ஊர் டாக்டர் பிபி மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் அளவு மாறினாலே 'நோய் நிலையாக இல்லை' என்று கணக்கு வைக்கும் பாலிசிகள் நிறைய. 90 நாள், 180 நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. அதனால் அப்பாவுக்கு முதலில் பார்த்து வைத்த பாலிசி பிபி சம்பந்தப்பட்ட எதற்கும் உதவாது என்று ஆனது, கேட்டு விசாரித்து வேறு எடுத்தோம். மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் யோசனையே வேண்டாம். ஆனால் அம்மாவின் சர்க்கரை மருந்து விவரத்தை அப்படியே கொடுத்து, இதற்குச் செலவு தருவீர்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்.

சர்க்கரை இருப்பதால் பிஆர், அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமையை, மறுத்துவிடுவார்களோ என்று பயப்படாதே. பெற்றோர் விஷயத்தில் எதிர்கால மருத்துவச் செலவைக் கணக்குப் பார்ப்பது உண்மைதான். ஆனால் 2018இல் அந்த வரம்பையே மூன்று மடங்காக உயர்த்திவிட்டார்கள். மாத்திரையில் கட்டுப்படும் சர்க்கரைக்காக ஒருவரை வேண்டாம் என்று சொல்வது அரிது.

அப்புறம், அம்மா ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில், "மகள் ஸ்பான்சர் செய்திருக்கிறாளா?" என்று கேட்டால், "ஆமாம்" என்றே சொல்லச் சொல். சும்மா பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லச் சொல்லி உன் சொந்தக்காரர் யோசனை கொடுத்தாராமே, அதைக் கேட்காதே. நிரந்தரமாக வர விண்ணப்பித்திருப்பவர் தற்காலிகமாக வந்து போகவும் இந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அனுமதித்த காலம் முடிந்தால் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவுதான். பொய் சொல்லி மாட்டினால் 5 வருஷம் உள்ளே வரவே முடியாது, பிஆர் ஃபைலும் அதோடு போகும்.

அப்பாவுக்காக நான் போட்டிருக்கும் ஸ்பான்சர் ஃபைலில் புதுச் செய்தி ஒன்று. என் பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலி, 'பெண்' என்று மட்டும் இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். தம்பி நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பெயரை ஏற்றி வாங்கி அனுப்பினான். அப்பாவின் பெயர் அதில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. மூன்றும் ஒருவர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் வைத்தோம். உன் பேப்பர்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடு.

இனி நான் நிஜமாகவே சொல்ல நினைத்தது. அம்மா என்ன நினைக்கிறார்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, வசந்தி. ஸ்பான்சர்ஷிப் முடியும்வரை அம்மா இங்கேயே இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஊரில் இருந்தாலும் ஃபைல் அதுபாட்டுக்கு நடக்கும். மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலேயே எடுக்கலாம். நீ ஈமெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். என் அப்பா மார்கழி பிறந்ததும் கிளம்பிவிடுவார், பனி உருகியதும் வருவார். ஊர் வீட்டைத் திறந்து வைத்து, தென்னைக்குத் தண்ணீர் விட்டு, நாலு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால்தான் இங்கே அவரால் நிம்மதியாக இருக்க முடிகிறது. போகாதீர்கள் என்று நான் சொன்னதில்லை. பிரிவு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் விருப்பப்பட்டு இங்கே இருக்கும் மாதங்கள் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு நல்லவை என்று பார்க்கிறேன். ஸ்கார்பரோவில் பஸ் ஏறத் தெரிந்துகொண்டார், நூலகத்துக்குப் போய்த் தமிழ்ப் புத்தகங்களாக அள்ளிக்கொண்டு வருகிறார்.

வின்னிபெக் குளிரில் அம்மா எங்கே போவார்கள்? நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் குழந்தைகளோடு நாள் முழுக்க வீட்டுக்குள்ளேதானே? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு ஆசைதான், எனக்குத் தெரியும். ஆனால் அது மட்டுமே நாளாகிவிட்டால் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது குழந்தைகளுக்கு வேறு ஏற்பாடு செய்ய முடியுமா பார்.

பிஆர் வந்த பிறகும் இந்தக் கேள்வி இருக்கும். ஐந்து வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும். ஊரிலேயே பாதிக்கு மேல் இருக்க நினைக்கிறவர்களுக்கு அது சுமைதான். அம்மாவின் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்று நீ கையெழுத்திட்ட 20 வருஷப் பொறுப்பும் இருக்கிறது. அம்மாவுக்கு இங்கே நிலைத்து இருக்கத்தான் ஆசை என்றால் இந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. வந்து போவதுதான் பிடிக்கும் என்றால் சூப்பர் விசாவே போதும். உட்கார்ந்து ஒரு நாள் நிதானமாகக் கேள். உனக்காகச் சொல்கிறார்களா, தனக்காகச் சொல்கிறார்களா என்பது உனக்குத் தெரிந்துவிடும்.

பாஸ்போர்ட் முடியும் தேதியையும் முத்திரை உள்ள பக்கத்தின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. நீட்டிப்புப் படிவத்தை ஞாயிற்றுக்கிழமை போனில் வைத்துக்கொண்டு இருவரும் நிரப்பிவிடலாம். அன்றைக்கு அம்மாவிடமும் பேசுகிறேன், நான் கேட்டேன் என்று சொல்.

அன்புடன்,
கல்பனா